கொல்லிமலைக்கு ஒரு பழைய டீசல் ஃபிகோ

வெள்ளி: தாம்பரம் – நாமக்கல்

பெருங்களத்தூரைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல் கியர். சின்ன டீசல் காரைக் குறை சொல்ல நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே எழுதி முடித்துவிடலாம். கிளட்ச் கொஞ்சம் கனம். எஞ்சின் சூடாகும் வரை கடகடவென்று சத்தம். ஏசி போட்டுக்கொண்டு நின்றால் ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, ரயில் நிலையம் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டுகிறவருக்கு டீசல் கார் எதற்கு? எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். நானும் ஊருக்குள் இந்த வண்டியை வேண்டாவெறுப்பாகத்தான் எடுக்கிறேன்.

மறைமலை நகர் வந்ததும் மகளுக்கு ஃபோர்டு ஆலையின் மதில் சுவரைக் காட்டினேன். எங்கள் ஃபிகோ 2011இல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. 2010 மார்ச்சில் ஃபோர்டு இந்தக் காரை அறிமுகம் செய்தபோது பெட்ரோல் மூன்றரை லட்சத்தை ஒட்டித் தொடங்கியது, டீசல் நாலரை லட்சத்தை ஒட்டி. ஐரோப்பாவில் ஓடிய ஐந்தாம் தலைமுறை ஃபியஸ்டாவின் அடித்தளத்தை எடுத்து, நம் விலைக்கு ஏற்றபடி செதுக்கியிருந்தார்கள். எங்கே செதுக்கினார்கள் என்று பின் சீட்டில் உட்கார்ந்தால் தெரியும். முன்னால் பவர் விண்டோ, பின்னால் கையால் சுற்றும் கைப்பிடி. மகளுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். அவளுடைய வகுப்புத் தோழிகள் யார் வீட்டுக் காரிலும் அப்படி ஒன்று கிடையாதாம்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையைப் பயன்படுத்தப் போவதாக 2024இல் தமிழ்நாடு அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தது. எங்கள் வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. வாங்கியபோது இருந்த பயம் ஒன்றுதான், உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது. இன்றுவரை கிடைக்கிறது.

செங்கல்பட்டைத் தாண்டியதும் ஃபிகோவின் குணமே மாறுகிறது. எண்ணிக்கையில் சொன்னால், 1,399 சி.சி. எஞ்சின், குதிரைத்திறன் 69. இதே ஃபிகோவின் 1.2 பெட்ரோலுக்கு 71. அதாவது டீசல் இரண்டு குதிரை குறைவு. ஆனால் இழுவிசை, டார்க் என்கிறோமே, அது பெட்ரோலில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது 102 நியூட்டன் மீட்டர். டீசலில் 2,000 சுற்றிலேயே 160. சாலையில் காரைத் தள்ளுவது இந்த இரண்டாவது கணக்கு. ஐந்தாவது கியரில் எண்பது, தொண்ணூறில் போனால் எஞ்சின் இரண்டாயிரத்தை ஒட்டியே சுற்றுகிறது. முன்னால் லாரி குறுக்கே வந்து வேகம் அறுபதுக்கு இறங்கினாலும், கியரைத் தொடாமல் மறுபடி எண்பதுக்கு ஏறிவிடலாம். நால்வர், பெட்டிகள், ஏசி எல்லாம் இருந்தும்.

மச்சினனுக்கு இது பிடிபடவில்லை. அவனுக்குப் பெட்ரோல் வண்டிப் பழக்கம். விக்கிரவாண்டி தாண்டி ஓட்டக் கொடுத்தேன். முந்த வேண்டும் என்றதும் கியரை இறக்கி ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கிறான். சத்தம் வந்ததே தவிர வண்டி அதற்கேற்பப் பறக்கவில்லை. “என்ன மாமா, மூவாயிரத்து ஐநூறுக்கு மேல மூச்சே வாங்க மாட்டேங்குது?” என்றான். உண்மைதான். இதன் உயிரெல்லாம் 1,800க்கும் 3,000க்கும் நடுவில். அதற்கு மேல் மிதிப்பது டீசலைச் சத்தமாக மாற்றும் வேலை.

1,800க்குக் கீழே என்ன என்றால், அங்கேதான் டர்போ லேக், அதாவது டர்போ விழித்துக்கொள்ள ஆகும் தாமதம். எஞ்சின் வெளியே தள்ளும் புகை டர்போவின் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே அனுப்ப வேண்டும், அப்புறம்தான் கூடுதல் டீசல் எரியும். சுற்று குறைவாக இருந்தால் புகையும் குறைவு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு சுவிட்ச் போட்டதும் தண்ணீர் வராது, குழாய் நிறைந்த பிறகுதான் கொட்டும் இல்லையா, அந்தக் கதைதான். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத் தொல்லை இல்லை.

உளுந்தூர்பேட்டையில் திரும்பி கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர். இந்தச் சாலையின் சில புறவழிகளில் நான்கு வழி திடீரென்று இரண்டாகச் சுருங்கும். ராத்திரியில் தெரியாமல் வந்தால் நேராக எதிர்வண்டியின் மூக்கில் போய் நிற்க வேண்டியதுதான். பகலில் வந்தது நல்லது. ஆத்தூரில் இருந்து நாமகிரிப்பேட்டை வழியாக ராசிபுரம். இருபுறமும் மரவள்ளி வயல், நடுவே ஜவ்வரிசி ஆலைகள். நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் பெயரில் மட்டுமே கேட்டிருந்த ஊரை நேரில் பார்த்ததில் என் மனைவிக்கு ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்தோம். பதினெட்டு அடி, தலைக்கு மேல் கூரை கிடையாது. வெளியே டீக்கடையில் ஒரு லாரி ஓட்டுநர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சின்ன வண்டிக்கு டீசல் எதுக்கு சார்?” என்று ஆரம்பித்தார். லாரிக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர்போன ஊரில் டீசலைப் பற்றி நாம் வாய் திறக்கக் கூடாது. நாளைக்குக் கொல்லிமலை என்றதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “வண்டி கெஞ்சுற வரைக்கும் விடாதீங்க. வளைவுக்கு முன்னாடியே கியர இறக்கிடுங்க.”

சனி: எழுபது வளைவுகள்

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து மலை ஏறத் தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முள்ளுக்குறிச்சி பக்கமிருந்து வேறொரு பாதையும் உண்டு. அதில் வளைவு குறைவு, ஆனால் வண்டியைச் சோதிக்க வந்தவன் அதில் ஏறுவானா?

முதல் பத்து வளைவுகள் சுலபம். அதற்கப்புறம் வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வருகின்றன. இங்கேதான் சின்ன டீசல் எஞ்சினின் முழு ஜாதகமும் தெரியும். நேர்ப்பகுதியில் இரண்டாவது கியரில் இரண்டாயிரம் சுற்றில் சுகமாக ஏறுகிறது, மூன்றாவது கூடப் போடலாம். வளைவுக்குள் நுழையும்போது வேகம் பத்துப் பதினைந்துக்கு இறங்கும். இரண்டாவது கியரிலேயே விட்டால் எஞ்சின் ஆயிரத்துச் சொச்சத்துக்கு விழும், டர்போ தூங்கிவிடும், வளைவின் உள்பக்கச் செங்குத்தில் வண்டி நடுங்கிக்கொண்டு நிற்கும். அதற்கு அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிரயோசனம் இல்லை. வளைவுக்குள் திரும்பும் முன்பே முதல் கியர். லாரி ஓட்டுநர் சொன்னது அதைத்தான்.

முதல் கியரில் ஏறும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சுற்று 1,800ஐத் தொட்டதும் இழுவிசை ஒரேயடியாக வருகிறது. ஸ்டீயரிங் முழுக்க ஒடித்த நிலையில் அது வந்தால் உள்பக்க முன் சக்கரம் மண்ணில் சர்ரென்று சுழலும். காலை இலகுவாக வைத்து, சக்கரம் நேராக வரும் நேரத்தில் மிதித்தால் வளைவிலிருந்து ஒரு உந்தலோடு வெளியே வரும். பதினைந்தாவது, இருபதாவது வளைவுக்குள் கால் தானாகவே பழகிவிட்டது. இந்த வண்டியை ஓட்டுவதில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். வேகம் இல்லாத காரில் கூட ஓட்டுகிறோம் என்ற உணர்வு இருக்கிறது. அதில் பாதி ஸ்டீயரிங்கின் புண்ணியம். இப்போதைய சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்சார ஸ்டீயரிங். ஒரு விரலால் சுற்றலாம், ஆனால் சக்கரத்தின் கீழே கல்லா மண்ணா என்று கைக்குத் தெரியாது. ஃபிகோவில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய பவர் ஸ்டீயரிங். நிறுத்துமிடத்தில் கொஞ்சம் கனம், மலையில் நல்ல துணை.

முப்பதாவது வளைவை ஒட்டி ஏசியை அணைத்துவிட்டேன். 69 குதிரையில் கம்ப்ரசருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம் என்றுதான். தவிர, அதற்குள் வெளிக்காற்றே சில்லென்று வீசத் தொடங்கிவிட்டது. மகள் பின் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி இறக்கி, பலகை எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

எதிரே அரசுப் பேருந்து வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது விதி. ஆனால் பேருந்து திரும்ப வளைவு முழுவதும் வேண்டும், அதற்கு விதி தெரிந்து என்ன பயன்? வளைவுக்குக் கீழேயே ஓரமாக நிறுத்திக் கொடுத்தேன். மறுபடி ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் விட்டால் பின்னால் ஓர் அங்குலம் கூட உருளவில்லை. டீசலின் குறைந்த சுற்று இழுப்பு இந்த இடத்தில் மட்டும் பெட்ரோலை விட நிம்மதி, எளிதில் அணைந்துவிடாது.

நாற்பதுக்கு மேல் மச்சினன் ஓட்டினான். முதல் வளைவிலேயே இரண்டாவது கியரில் நுழைந்து நடுவில் நின்றுவிட்டான். “சொன்னேன்ல?” என்று நான் கேட்கவில்லை, அவன் அக்கா கேட்டாள். ஆனால் பையன் கெட்டிக்காரன்தான். அறுபதாவது வளைவுக்குள் என்னைவிட நேர்த்தியாகத் திருப்பினான்.

மேலே சோளக்காடு, அப்புறம் செம்மேடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்கிறது, கீழே காப்பிச் செடி, ஊடே வாழை, பலா. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆண்ட மலை. ஆடி மாதம் அவனுக்கு அரசு விழா நடக்கும்போது இந்த எழுபது வளைவிலும் வண்டி எறும்பாக ஊரும் என்று சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னார். நாட்டுக்கோழிக் குழம்பில் மிளகு தாராளம். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம், இப்போதைக்கு வேண்டாம்.

எஞ்சின் சூட்டு முள் மேலே வந்து சேரும்வரை நடுவிலேயே நின்றது. எனக்கு அதுதான் இன்றைய நல்ல செய்தி.

ஞாயிறு: ஆகாய கங்கை, இறக்கம்

விடியற்காலையில் நல்ல குளிர். சாவியைத் திருப்பி, மஞ்சள் நிறச் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, அப்புறம் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது; அமுக்கிய காற்றின் சூட்டிலேயே எரிய வேண்டும், குளிரில் அதற்கு க்ளோ பிளக் என்ற சூடேற்றி உதவி செய்கிறது. பொறுத்தால் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்கிறது.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கிய எல்லாவற்றையும் ஏறவும் வேண்டும் என்பதைப் பாதியில்தான் மச்சினன் யோசித்தான். அருவி பிரமாதம். முழங்கால் வலி அதைவிடப் பிரமாதம்.

அன்னாசி, வாழைத்தார், மிளகு என்று டிக்கி நிறைந்தது. 284 லிட்டர் டிக்கி, நான்கு பேரின் பைகளுக்கு மேல் ஒரு தார் வாழைப்பழம் படுக்க இடம் இருந்தது.

இறங்கும்போது இரண்டாவது கியரை மாற்றவே இல்லை. டீசல் எஞ்சின் வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்தும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கார்களில் அது பாதிதான் சரி. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்றுப் பாதை மூடிக்கொள்ளும், பிஸ்டன்கள் வெற்றிடத்தை இழுக்கத் திணறும், அந்தத் திணறல் ஒரு பிரேக். டீசலில் காற்றுப் பாதை பெரும்பாலும் திறந்தே இருக்கும். லாரிகளில் புகை வெளியேறும் பாதையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைப்பதும் இதனால்தான். இருந்தாலும் கியர் தாழ்வாக இருந்தால் போதுமான பிடிப்பு கிடைக்கிறது. காலை எடுத்துவிட்டு இறங்கும் நேரமெல்லாம் உள்ளே சொட்டு டீசல் போவதில்லை என்பது கூடுதல் லாபம். நியூட்ரலில் இறக்கி மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறவர்கள் பிரேக்கையும் இழந்து டீசலையும் இழக்கிறார்கள்.

நாமக்கல்லில் இருந்து முசிறி வழியாகத் திருச்சி. வழியெல்லாம் வாழைத்தோப்பு. சாலை ஓரிடத்தில் ஒட்டுப்போட்ட சட்டை, அங்கே மட்டும் பின் சீட்டிலிருந்து முனகல் வந்தது. திருச்சியில் டேங்கை நிரப்பினேன். தாம்பரத்திலிருந்து 588 கி.மீ., குடித்தது 31.6 லிட்டர். லிட்டருக்கு 18.6. மலை ஏறி இறங்கி, பெருங்களத்தூரில் தவம் கிடந்ததற்கு இது அதிகம்.

திங்கள்: திருச்சி – தாம்பரம், கணக்கு வழக்கு

திருச்சி–சென்னை சாலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பாடாலூர், பெரம்பலூர், தொழுதூர், உளுந்தூர்பேட்டை, சுங்கச்சாவடி, சுங்கச்சாவடி. தொண்ணூறுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். நூறைத் தாண்டினால் வண்டி போகும், ஆனால் மைலேஜ் சரியும். 45 லிட்டர் டேங்கில் முள் பாதியைத் தொடுவதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. 308 கி.மீ.க்கு 14.9 லிட்டர், அதாவது 20.7. மொத்தப் பயணத்துக்கு 896 கி.மீ., 46.5 லிட்டர், சராசரி 19.3.

சாப்பிட நிறுத்திய இடத்தில் மச்சினன் கைபேசியில் கணக்குப் போட்டான். அவன் கட்சி, இந்த வண்டியைத் தள்ளிவிடு என்பது. 2026இல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிகிறது. ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும், கட்டணம் 5,000 ரூபாய், 2022 ஏப்ரலுக்கு முன் இது வெறும் 600. அதோடு பசுமை வரி. கேட்டேன், அவன் கணக்கும் தப்பில்லை.

நாங்கள் வாங்கிய காலத்துக் கணக்கு வேறு. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு தன் கையிலிருந்து விட்டது, டீசலை விடவில்லை. 2012இல் சென்னையில் இரண்டுக்கும் முப்பது ரூபாய்க்கு மேல் இடைவெளி. பெட்ரோல் 75, டீசல் 44, ஊருக்குள் மைலேஜ் 14, 18 என்று வைத்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் தொண்ணூறு காசு மிச்சம். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுத்த லட்ச ரூபாய் 34,000 கி.மீ. சொச்சத்தில் திரும்பிவிடும். இடைவெளி அப்படியே இருக்கும் என்று நம்பி ஊரே டீசல் வாங்கியது. 2014 அக்டோபரில் டீசல் விலையையும் விட்டார்கள்.

2025 கணக்கில் பெட்ரோல் நூறைத் தாண்டி, டீசல் 92 சொச்சம். இடைவெளி எட்டொன்பது ரூபாய். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று, சின்ன டீசலைக் கொன்றது விலை மட்டும் இல்லை. பெட்ரோல் எஞ்சின்கள் முன்னேறிவிட்டன. அன்று 14 கொடுத்த வகைக் கார் இன்று ஊருக்குள்ளேயே 18 கொடுக்கிறது. பழைய 14ஐ வைத்தால் டீசலில் இன்றும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். 18ஐ வைத்தால் அரை ரூபாய் கூட இல்லை. அதற்கு மேல் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, டீசல் புகையைச் சுத்தம் செய்யும் சாமான்களின் விலை சின்னக் காரின் தலையில் விழுந்தது. மாருதி அதோடு டீசலையே விட்டது. ஸ்விஃப்ட், இண்டிகா, பீட், ஃபிகோ என்று தெருவுக்குத் தெரு கடகடத்த ஹேட்ச்பேக் வரிசையில், இன்று புதிதாக டீசல் கேட்டால் டாடா ஆல்ட்ரோஸ் ஒன்றுதான் கிடைக்கிறது.

அதனால் புதிதாக வாங்கும் என் மச்சினன் பெட்ரோல் பார்ப்பது சரி. ஆனால் என் கையில் இருக்கும் வண்டிக்கு லட்ச ரூபாய்க் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. விற்றால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பணத்தில் எழுபது வளைவை இப்படி ஏறும் இன்னொரு வண்டி வராது. மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறோம், அது நெடுஞ்சாலைதான். ஊருக்குள் ஓட இருசக்கர வண்டி இருக்கிறது. புதுப்பிக்கப் போகிறேன்.

பழைய டீசல் ஃபிகோ வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு: டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள், அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள், சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் இது எதையும் பார்க்க வேண்டாம், பெட்ரோல் வண்டி தேடுங்கள்.

எங்கள் வண்டிக்கு அடுத்த வாரம் டீசல் ஃபில்டரும் முன் பிரேக் பேடும் மாற்ற வேண்டும். இறக்கத்தில் அறுபத்தைந்தாவது பலகையை ஒட்டி லேசாகக் கீச்சென்றது.